யார் எந்தப் பக்கம் என்று சொல்லாமல் போனவளுக்கு

உன் மேசை டிராயரைப் போன மாதம் உடைத்தார்கள். ஆசிரியர் அறையைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். பூட்டிக் கிடக்கும் மேசைகளை அப்படியே தூக்கக் கூடாது என்று உத்தரவு. நீ போன இந்த இரண்டு வருடத்தில் அந்தச் சாவியை யாரும் தேடவில்லை, நானும்தான். அட்டெண்டர் அண்ணன் ஸ்க்ரூடிரைவரை விட்டு ஒரு நெம்பு நெம்பியதும் திறந்துகொண்டது. உள்ளே கல்லாகிப் போன இஞ்சி மிட்டாய் நாலு, சிவப்பு மைப் பேனா ஒன்று, மஞ்சள் கயிறு போட்ட ஸ்டாப்வாட்ச், ஒரு பழுப்புக் கவர்.

“மேடம், கவரு மேல உங்க பேரு எழுதியிருக்குதுங்க” என்று அவர் நீட்டினார்.

ஸ்டாப்வாட்சைப் பார்த்ததும் முதலில் எனக்கு வந்தது எரிச்சல். விளையாட்டு ஆசிரியரிடம் நாம் இரவல் வாங்கியது அது. அவர் கேட்கும்போதெல்லாம் எப்போதோ திருப்பிக் கொடுத்தாயிற்று என்று நான் சண்டை பிடித்திருக்கிறேன். இப்போது எந்த முகத்தோடு கொண்டுபோய்க் கொடுப்பது? இப்படித்தான் நீ எப்போதும் என்னை மாட்டிவிடுவாய். இறந்தவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் உன்னோடு சேர்ந்து ஆய்வு முறையியல் படித்ததில்லை.

படித்தோம் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்தான். நமக்கு அதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. பிஎச்டிக்குப் பதிவு செய்யாதவர்கள் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று நிர்வாகம் சொன்னது, நாம் இரண்டு பேரும் பதிவு செய்தோம், அவ்வளவுதான். பன்னிரண்டு வருடம் மென்பொருள் பொறியியல் பாடம் நடத்தியிருந்தோம். ஆனால் மென்பொருள் எழுதும் ஒரு வழி நல்லதா கெட்டதா என்று ஆட்களை வைத்துச் சோதித்துப் பார்ப்பது எப்படி என்று நமக்குத் தெரியாது. ஜெராக்ஸ் போட்ட ஒரே புத்தகத்தைக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஆளுக்குப் பாதியாகக் கிழித்துக்கொண்டோம். நீ வெள்ளிமலைக்காரி, வாரக் கடைசியில் மலையேறுவாய். நான் சங்கராபுரத்திலிருந்து வந்து போகிறவள். தியாகதுருகம் சாலையில் கல்லூரிக்குப் போகிற அந்த அரை மணி நேரப் பஸ்தான் நம் வகுப்பறை.

ஆட்களிடம் கருத்துக் கேட்கும் கேள்விகளைத் தயாரிக்கும் பாடம் நடந்த நாள் நினைவிருக்கிறதா? பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கக் கூடாது என்று புத்தகம் சொன்னது. அதில் என்ன பெரிய தப்பு என்று நான் கேட்டேன். நீ டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரைப் பிடித்துக்கொண்டாய்.

“அண்ணே, இந்த வண்டி கரெக்டான டைமுக்குத்தானே வருது?”

“கரெக்டா வந்துடும்மா.”

“எத்தினி மணிக்கு வரணும்? இன்னிக்கு எத்தினி மணிக்கு வந்துச்சு?”

அவர் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “எட்டு இருவதுக்கு வரணும். எட்டே முக்காலுக்கு வந்துக்கினு இருக்கோம். நீ இன்னாம்மா, செக்கிங்கா?”

“பாத்தியாடி?” என்று என் பக்கம் திரும்பினாய். “ஒரே ஆளு, ஒரே வண்டி. ரெண்டு பதில்.”

அன்றைக்கு நானும் சிரித்தேன். அதே தப்பை நாற்பது பேரை வைத்து நானே செய்வேன் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

என் ஆய்வுக் கேள்வி எளிமையானது. ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் வரிவரியாகப் படித்துப் பிழை பிடிப்பது நம் தொழிலில் வழக்கம். அப்படிப் படிக்கிறவர் கையில், எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டியலைக் கொடுத்தால் கூடுதலாகப் பிழை அகப்படுமா? மூன்றாம் வருட மாணவர்கள் நாற்பது பேரை இரண்டு குழுவாகப் பிரித்தோம். ஒரு குழுவுக்குப் பட்டியல் உண்டு, இன்னொன்றுக்குக் கிடையாது. அச்சடித்த நிரலுக்குள் பத்துப் பிழைகளை நாமே ஒளித்து வைத்தோம். லேபில் சுவர்க் கடிகாரம் ஓடாததால்தான் அந்த ஸ்டாப்வாட்சே வந்தது.

தாள்களை யார் திருத்துவது என்பதில் நமக்கு முதல் உரசல். எந்தத் தாள் எந்தக் குழு என்று தெரியாதவர்தான் திருத்த வேண்டும் என்றாய். “உனக்குத் தெரிஞ்சா உன் பேனா தானா ஒரு பக்கம் சாயும்டி.” என் நேர்மையைச் சந்தேகப்படுகிறாயா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, நாற்பதையும் நானே உட்கார்ந்து திருத்தினேன்.

முடிவு தங்கமாக வந்தது. பட்டியல் வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் எட்டு, ஒன்பது என்று பிடித்திருந்தார்கள். மற்றவர்கள் நாலு, ஐந்தோடு நின்றுவிட்டார்கள். நான் பேக்கரியிலிருந்து அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்து ஆசிரியர் அறை முழுக்கக் கொடுத்தேன். நீயும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு தாள்களைப் புரட்ட ஆரம்பித்தாய். கொஞ்ச நேரத்தில் மெல்லுவது நின்றுபோனது.

“இருபத்து மூணாவது வரியப் பாரு.”

அந்த வரியில் பிழையே கிடையாது. எண்ணிக்கை ஒன்றில் தொடங்குகிறது, அங்கே ஒன்றில்தான் தொடங்க வேண்டும். ஆனால் பட்டியல் குழுவில் பத்தொன்பது பேர் அதைப் பிழை என்று எழுதியிருந்தார்கள். பத்தொன்பது பேரும் அதே தப்பான காரணத்தைச் சொல்லியிருந்தார்கள். இன்னொரு கட்டைப் புரட்டினாய். பட்டியல் இல்லாத குழுவின் தாள்களில், சரியாகப் பிடித்த பிழைகளையே ஸ்கேல் வைத்து அடித்திருந்தார்கள். திருத்தும்போது அந்த அடித்தல்கள் என் கண்ணிலும் பட்டனதான். படாதது போல் தாண்டிப் போயிருந்தேன்.

திருநாவலூர்ப் பெண் ஒருத்தி அந்தக் குழுவில் இருந்தாள், பொய் சொல்ல வராதவள். அவளை வராந்தாவில் நிறுத்திக் கேட்டோம்.

“மேடம், பட்டியல் இல்லாத பக்கம் கம்மியா வந்தாதானே உங்களுக்கு நல்லது? நீங்கதான வெளக்கமா சொன்னீங்க. அதான் ஜாஸ்தியா வந்தத அடிச்சிட்டோம்ங்க.”

“அந்தப் பக்கம்?” என்று நீ கேட்டாய்.

“அவங்க பேசிக்கினுதான் எழுதுனாங்க மேடம். ரெக்கார்டு எழுதற மாதிரி.” பிறகு என்னைப் பார்த்து, “உங்களுக்கு டாக்டர் பட்டம் வரணும்னு அன்னிக்கு கிளாஸே ஒண்ணா பேசி வெச்சோம்” என்றாள். அவள் முகத்தில் குற்ற உணர்ச்சியே இல்லை, அதற்கு மாறாகக் கொஞ்சம் பெருமைதான் தெரிந்தது.

அவளைத் திட்ட என்னிடம் என்ன இருந்தது? மூன்று வருடமாக நம் லேபில் என்ன நடக்கிறது? முதல் பெஞ்சில் ஒருவன் செய்வான், மற்றவர்கள் ரெக்கார்டு நோட்டில் இறக்குவார்கள். ஒவ்வொரு சோதனையின் அடியிலும் ‘நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டு விடை சரிபார்க்கப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும். கணினியை இயக்கும் முன்பே, சில பேர் முந்தின நாள் ஹாஸ்டலிலேயே, அந்த வரியை எழுதிவிடுவார்கள். அது தெரிந்தேதான் அடியில் சிவப்பு மையில் நாம் கையெழுத்துப் போட்டோம். சோதனை என்றால் மேடம் எதிர்பார்க்கிற விடையைக் கொண்டுவருவது என்று அந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கியது நாம்தான்.

இதை எல்லாம் நான் இன்று எழுதுகிறேன். அன்று எனக்குப் புத்தி இப்படி வேலை செய்யவில்லை.

“தூக்கிப் போட்டுடு” என்றாய்.

“இன்னாடி சொல்ற? ஆறு மாசம் ஆயிருக்குது.”

“போவட்டும். இத வெச்சிக்கினு எழுதுனா நீயே நம்புவியா?”

“கைடு நம்புறாரு.”

“அவரு இருபத்து மூணாவது வரியப் பாத்தாரா?”

நீ குரலைத் தணித்துக்கொண்டு, “இந்தப் புள்ளைங்களுக்கு உன்ன ரொம்பப் புடிக்கும்டி. அதான் பிரச்சினை. உன்னத் தெரியாதவங்ககிட்ட போ. லீவுல மலைக்கு வா. எங்க ஊருப் புள்ளைங்க நாலஞ்சு காலேஜுல கம்ப்யூட்டர் படிக்குதுங்க. எல்லாம் வூட்டுக்கு வந்திருக்கும். பேப்பருல படிக்கத்தானே போறாங்க, கரண்டு கூட வாணாம்” என்றாய்.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். “உனக்கு இன்னும் தலைப்பே கெடைக்கல. அந்த வயித்தெரிச்சல்ல என்னுதயும் கெடுக்கப் பாக்கற.”

சிதறிக் கிடந்த நாற்பது தாள்களையும் அடுக்கி, சணல் கயிறு போட்டுக் கட்டி, என் மேசை மேல் வைத்தாய். “கட்டுரையில என் பேர மட்டும் எடுத்துடு” என்று சொல்லிவிட்டு நாலாம் பீரியடுக்குப் போனாய்.

உன் பேரை எடுத்தேன். கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பினேன். கோடை முழுக்க நாம் பேசவில்லை. கல்லூரி திறந்த பிறகு ஒரு நாள் என் மேசையருகே வந்து நின்று, “ஒரு வேல இருக்குது. ரெண்டு நாளுதான் ஆவும். பண்றியா?” என்று கேட்டாய். நான் வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “எனக்கே ஆயிரம் வேல இருக்குது” என்றேன். சரி, அப்புறம் பார்க்கலாம் என்று போனாய்.

அந்த அப்புறம் வரவில்லை. ஆடி மாதம் மஞ்சள் காமாலை என்றார்கள். மலையிலிருந்து உன்னைக் கீழே கொண்டுவரும்போதே முற்றியிருந்தது. நீ போன நாலாம் நாள் ஜீப்பில் ஏறி வெள்ளிமலைக்கு வந்தேன். உன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களப் பத்தித்தான் பேசிக்கினே இருப்பா” என்று அழுதார். நாம் மூன்று மாதமாகப் பேசவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கட்டுரை ஏற்கப்பட்டது என்ற செய்தி உன் பதினாறாம் நாளுக்கு மறுநாள் வந்தது. இரண்டு வருடமாக அதன் மேல்தான் என் ஆய்வேடு நிற்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் சுருக்கத்தைக் கொடுத்தால் அடுத்த வருடம் பட்டம். பட்டம் இல்லாவிட்டால் அடுத்த வருடம் வேலை இல்லை என்று நிர்வாகம் கடிதமே கொடுத்துவிட்டது. சுருக்கத்தை அடித்து முடித்து, பிரிண்ட் எடுப்பது ஒன்றுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துத்தான் அட்டெண்டர் அண்ணன் உன் டிராயரை நெம்பினார்.

கவருக்குள் பன்னிரண்டு தாள்கள். நம் நிரல், நம் பத்துப் பிழைகள், அதே இருபத்து மூன்றாவது வரி. பேர் கிடையாது, மேல் மூலையில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்கள் மட்டும். எடுத்துக்கொண்ட நேரம் ஒவ்வொன்றிலும் உன் கையெழுத்தில் இருக்கிறது. ஓரத்தில் குறிப்புகள் வேறு: ‘மழை, ஜன்னல் சாத்த எழுந்தான், அந்த நேரம் கழிக்கவில்லை.’ ‘இவளுக்குத் தலைவலி, சொல்லிவிட்டுத்தான் எழுதினாள்.’ நீ தனியாகவே செய்து முடித்திருக்கிறாய். நான் உன்னை அப்படிப் பேசிய பிறகும் அந்த லீவிலேயே செய்திருக்கிறாய்.

தாள்களோடு ஒரு துண்டுச் சீட்டு. ‘யார் எந்தப் பக்கம்னு கேக்காத. நீ திருத்தி முடி, அப்புறம் சொல்றேன்.’

கவரைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தேன். டிராயரை முழுக்கக் கழற்றிப் பார்த்தேன். எந்த எண்ணுக்குப் பட்டியல் கொடுத்தாய், எதற்குக் கொடுக்கவில்லை என்ற குறிப்பு எங்கேயும் இல்லை. முறையியல், முறையியல் என்று என் உயிரை வாங்கினாயே, அந்த ஒற்றைத் தாளை இன்னொரு நகல் எடுத்து யாரிடமாவது கொடுத்து வைக்கத் தோன்றவில்லையா உனக்கு? அது இல்லாமல் இந்தப் பன்னிரண்டும் வெறும் காகிதம். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு டிராயரை அறைந்து சாத்தினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கச்சிராயபாளையம் வழியாக மலை பஸ் ஏறினேன். உன் அக்கா வாசலில் மரவள்ளிக் கிழங்கை மண் தட்டி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“எல்லாத்தயும் போனுலதான் எழுதி வெப்பா டீச்சரு. அந்தப் போனு தெறக்கவே இல்ல. நம்பரு யாருக்கும் தெரியல. கடக்காரன்கிட்ட குடுத்தோம், எல்லாத்தயும் அழிச்சாதான் தெறக்கும்னான், அழிச்சிக் குடுத்துட்டான்.”

“உங்ககிட்ட எதுவும் சொல்லலையாக்கா?”

“நானும் கேட்டேன், இன்னாடி பரீச்ச வெக்கிறன்னு. உனக்குச் சொல்ல மாட்டேன், நீ அவகிட்ட ஒளறிடுவ, அவதான் திருத்தணும், அவளுக்குத் தெரியக் கூடாதுன்னா. கழுத்துல அந்த மஞ்சக் கயித்த மாட்டிக்கினு, தண்ணி குடிக்கக் கூட எழுந்திரிக்காம குந்திக்கினு இருந்தா.”

அன்று எழுதியவர்களில் ஒருத்தி உள்ளூரிலேயே இருந்தாள். அக்கா கூப்பிட்டனுப்பினார். அவள் கையெழுத்தைப் பார்த்து, ஏழாம் எண் தன்னுடையது என்று உடனே சொன்னாள். பட்டியல் கொடுத்தார்களா என்று கேட்டதும் இழுத்தாள். “குடுத்தாங்கன்னுதான் நெனைக்கிறேன் மேடம். இல்ல, பக்கத்துல இருந்தவளோடத பாத்தேனா… உங்களுக்கு எது வேணும்? குடுத்தாங்கன்னு வெச்சிக்கலாமா?”

வேண்டாம்மா என்றேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் என் விலாவில் இடித்திருப்பாய்.

இறங்கி வருகிற பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். பிறகு என்னைத் திட்டினேன். நீ கேட்டது இரண்டு நாள் வேலை. நான் தலையைத் தூக்கி, கொடு என்று சொல்லியிருந்தால் இரண்டாம் நாள் மாலையே நீ அந்தப் போனைத் திறந்து காட்டியிருப்பாய். என்னை நம்பாமல் நீ ஒளித்து வைத்ததாகத்தான் முதலில் நினைத்தேன். நம்பாதவள் என்னையே திருத்தச் சொல்லி ஏன் கவரைப் பூட்டி வைத்துக்கொண்டு கடைசி வரை காத்திருக்க வேண்டும்?

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதிவிட்டேன். காரணத்தையும் எழுதினேன், இருபத்து மூன்றாவது வரி உட்பட. கைடு போனில் கத்தினார். “ரெண்டு வருஷம் கழிச்சு இப்ப எதுக்கும்மா இந்த ஞானோதயம்? எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க.” எல்லாரும் செய்வதை அவர் எப்படி அளந்தார் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. கால நீட்டிப்புக்கு மனு போட்டிருக்கிறேன். கிடைக்குமா தெரியாது. நிர்வாகத்துக்கு என்ன சொல்வது என்றும் தெரியாது. இந்த வயதில் இன்னொரு கல்லூரி வாசலில் பயோடேட்டாவோடு நிற்க வேண்டி வந்தால், அதற்கும் சேர்த்து உன்னைத்தான் திட்டுவேன்.

இப்போது ரெக்கார்டு நோட்டில் அந்தக் கடைசி வரியை முன்கூட்டியே எழுதிக்கொண்டு வருகிறவர்களுக்குக் கையெழுத்துப் போடுவதில்லை. என்ன நடந்ததோ அதை எழுது, ஓடவில்லையென்றால் ஓடவில்லை என்று எழுது என்கிறேன். பிள்ளைகளுக்கு என்னை முன்பு போலப் பிடிக்கவில்லை. விளையாட்டு ஆசிரியரிடம் ஸ்டாப்வாட்சைக் கொண்டுபோய் நீட்டி மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேறு வாங்கியாச்சு, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

போன ஞாயிறு மதியம், சாப்பிட்ட பிறகு, உன் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மை காய்ந்திருந்தது, என் பேனாவிலேயே திருத்தினேன். நாலாம் எண் எட்டுப் பிழை பிடித்திருக்கிறது. ஒன்பதாம் எண் இரண்டே இரண்டு பிடித்துவிட்டு, கீழே ‘இதுக்கு மேல எனக்குத் தெரியல’ என்று எழுதியிருக்கிறது. பதினாலு வருடத்தில் என் மாணவர் ஒருவர் கூட ஒரு தாளிலும் எனக்கு அப்படி எழுதியதில்லை. அந்த ஒரு வரியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்து மூன்றாவது வரியைப் பிழை என்றது பதினோராம் எண் மட்டும், அதுவும் அதன் சொந்தக் காரணத்தோடு. பேனா ஒரு தடவை கூட எந்தப் பக்கமும் சாயவில்லை. சாய எனக்குப் பக்கம் தெரிந்தால்தானே?

எண்களை வரிசையாக ஒரு தாளில் எழுதி, எதிரே பிடித்த பிழைகளின் எண்ணிக்கையும் நேரமும் எழுதி, மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டு, உன் சீட்டோடு சேர்த்து என் கைப்பையில் வைத்திருக்கிறேன். தினமும் தியாகதுருகம் பஸ்ஸில் அது என்னோடு வருகிறது.

பன்னிரண்டையும் திருத்தி முடித்துவிட்டேன்டி. இப்போது சொல்.